குந்தெரி இணையைப் பிரிக்காதீர்கள்

வாயில் முட்டைகளை அடைகாக்கும் சிக்லிட் (கரிமீனும் ஜிலேபி கெண்டையும் அடங்கிய மீன் குடும்பம்) என்றவுடன் நம்மூர் மீன் வளர்ப்போருக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களே நினைவுக்கு வருகின்றன. சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் மஞ்சளும் நீலமுமாக நீந்தும் அந்த மீன்களில் தாய் மட்டுமே முட்டைகளைச் சுமக்கிறது. ஆணோ கருவூட்டிய கையோடு தன் எல்லையைக் காக்கவும் அடுத்த பெண்ணைக் கவரவும் போய்விடுகிறது. ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில், லைபீரியாவிலிருந்து காமரூன் வரையுள்ள ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழும் குரோமிடோட்டிலாப்பியா குந்தெரி என்ற மீன் இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைக் கொண்டது. இதில் முட்டைகளை வாயில் சுமப்பது தந்தை. அந்தத் தந்தையையும் அது நிற்கும் இடத்தையும் காப்பது தாய். குஞ்சுகள் வெளிவந்த பிறகு இரண்டுமே அவற்றை வழிநடத்துகின்றன. சில ஆண்டுகளாக இந்த மீனை வீட்டில் வளர்த்தும் பெருக்கியும் வருகிறேன் என்பதால், இதைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே இருந்தது. முக்கியமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆணின் வாயில் முட்டை தெரிந்ததும் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றுவதும், ஆணின் வாயைத் திறந்து முட்டைகளை எடுத்துவிடுவதும் மலாவி மீன்களிடம் பழகிய கைகள் செய்யும் வேலைகள். குந்தெரியிடம் அவை இரண்டுமே வேண்டாம்.

இம்மீனைப் பிரெஞ்சு விலங்கியலாளர் சோவாஜ் 1882-இல் முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் மீன் சேகரங்களைப் பேணி வந்த ஆல்பர்ட் குந்தரைச் சிறப்பிக்கும் வகையில் இதற்குப் பெயரிடப்பட்டது. குரோமிடோட்டிலாப்பியா என்ற பேரினத்தை 1898-இல் விலங்கியலாளர் பூலஞ்சர் நிறுவியபோது, அதற்கு அடிப்படையாக அமைந்த இனம் குரோமிடோட்டிலாப்பியா கிங்ஸ்லியே. அது 1895-இல் காபோன் நாட்டு ஒகோவே ஆற்றில் பயணம் செய்து மீன்களைச் சேகரித்து அனுப்பிய மேரி கிங்ஸ்லியின் பெயரைத் தாங்கியது. குந்தெரியை மீன் வளர்ப்போர் பல பத்தாண்டுகள் பெல்மட்டோகுரோமிஸ் என்ற பேரினப் பெயராலேயே அழைத்தனர்; பழைய வளர்ப்பு நூல்களில் தேடுபவர்கள் அந்தப் பெயரிலும் தேட வேண்டும். ஆர்தர் மிர்பெர்க் 1965-இல் இதன் நடத்தையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் க்ரிபென்சிஸ், அதாவது பெல்விகாகுரோமிஸ் புல்கர், இதற்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் பெண்ணே வண்ணம் மிகுந்தது; இரண்டிலும் பெண்தான் முன்வந்து ஆணைக் கவர முயல்கிறது. ஆனால் க்ரிபென்சிஸ் குகைக்குள் முட்டையிட்டு, குகையிலேயே அவற்றைக் காக்கும். குந்தெரி திறந்த கல்லின்மேல் முட்டையிட்டு, அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். ஒரே குடும்பக் கிளையில் இந்த இரண்டு முறைகளும் அருகருகே இருப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

முதல் பார்வையில் குந்தெரி எவரையும் ஈர்த்துவிடுவதில்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், சற்று நீண்ட முகவாய், தடித்த உதடுகள், பெரிய கண்கள். கடைத் தொட்டியின் வெள்ளை விளக்கொளியில் பயந்து நிற்கும் குட்டிகளைப் பார்த்துவிட்டு நகர்ந்து போகிறவர்களே அதிகம். அதே மீன் மணலும் நிழலும் உள்ள தொட்டியில் நிலைபெற்ற பிறகு வேறொன்றாகிவிடுகிறது. செவுள் மூடியில் பச்சையும் நீலமும் கலந்த மினுமினுப்பு எழுகிறது. பெண்ணின் முதுகுத் துடுப்பில் உலோகத் தகடு பதித்ததுபோல ஒரு வெள்ளிப் பட்டை மின்னுகிறது. அது முட்டையிடத் தயாராகும்போது வயிற்றில் ஒயின் சிவப்பு ஏறுகிறது. ஆணுக்கு அந்த வெள்ளிப் பட்டை இருப்பதில்லை. உடல் பெரிதாகவும் துடுப்புகளின் முனை நீண்டும் இருக்கும். வளர்ந்த ஆண் 15 செ.மீ. அளவைத் தாண்டக்கூடியது, பெண் அதைவிடச் சிறியது. வண்ணம் மிகுந்ததே ஆண் என்று பழகியவர்கள் இங்கே தலைகீழாக எண்ணிக்கொள்ள நேரிடும் என்பதால், பாலினம் பிரிக்கும்போது முதுகுத் துடுப்பையே முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஓர் இணைக்கு நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 250 லிட்டர் நீர் பிடிக்கும் தொட்டி பொருத்தமானது. உயரத்தைவிடத் தரைப்பரப்பே இம்மீனுக்கு முக்கியம், ஏனென்றால் இதன் வாழ்க்கை முழுவதும் தரையை ஒட்டியே நடக்கிறது. குந்தெரி மணலை வாய் நிறைய அள்ளி, அதிலுள்ள உணவுத் துணுக்குகளை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் உதிர்த்துவிடும். பகல் முழுவதும் ஓயாமல் நடக்கும் இந்த வேலையைக் காண்பதற்காகவே இதை வளர்க்கலாம். ஆகவே தரையில் கூர்மையான சரளைக் கற்களைப் பரப்புவது இம்மீனுக்குச் செய்யும் கொடுமை. நன்றாகச் சலித்து, நீர் தெளியும்வரை அலசிய மென்மணலே வேண்டும். இரண்டு விரற்கடை ஆழம் போதும். அதற்குமேல் கொட்டினால் அடியில் காற்று புகாத இடங்களில் அழுகல் சேரும்.

மணலின்மேல் உள்ளங்கை அளவுள்ள தட்டையான கற்கள் சிலவற்றைத் தொட்டியின் வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். எந்தக் கல்லில் முட்டையிடுவது என்பதை அவை தாமே தேர்ந்தெடுக்கும், அந்தத் தேர்வில் நம் விருப்பம் செல்லுபடியாகாது. நீரில் ஊறி மூழ்கிய மரக்கட்டைகளைப் பார்வை மறையும்படி குறுக்காக வைத்தால், சண்டை மூளும் வேளையில் பலவீனமான மீனுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். செடிகளைப் பொறுத்தவரை, மணலில் வேர்விட வேண்டியவை நிலைக்கா. மீன்கள் அவற்றைத் தோண்டி மிதக்கவிடும். கட்டையிலும் கல்லிலும் பற்றி வளரும் அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவையே தாயகமாகக் கொண்டது, இம்மீன்களுடன் அது நன்றாக ஒத்துப்போகிறது. கீழே விழுந்து பழுப்பேறிக் காய்ந்த நாட்டு வாதுமை இலைகளைக் கழுவி மணலின்மேல் இட்டால், நீர் தேநீர் நிறம் பெற்று மீன்களின் பயம் வெகுவாகக் குறைகிறது. ஃபைட்டர் எனப்படும் சண்டை மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் இலைதான் இது.

நீரின் தன்மை பற்றிப் பலரும் தேவைக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் பரவியுள்ள மீன் ஒரே வகை நீரை நம்பி வாழ முடியாது. குந்தெரி கடினநீரையும் மென்னீரையும் ஓரளவு தாங்குகிறது. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது உயிர்வாழும், உண்ணும், வளரும். ஆயினும் முட்டையிடத் தூண்டுவதற்கு அந்நீருடன் பாதியளவு ஆர்ஓ நீரையோ மழைநீரையோ கலப்பது பயனளிக்கிறது. மழைநீரைப் பிடிப்பவர்கள் மொட்டைமாடியின் தூசு முழுதும் கழுவிப்போகும்வரை முதலில் வரும் நீரை விட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வெளிநீரும் குளிர்ந்திருக்கும் நாட்களில், வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நீரை மாற்றினால் மறுநாளே இணை கற்களைத் துலக்கத் தொடங்குவதைக் காணலாம். குழாய் நீரைப் பயன்படுத்துபவர்கள் குளோரினை நீக்காமல் ஊற்றக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கோடையைப் பற்றி. இம்மீனுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பமே இதம். மே மாதத்துச் சென்னையில் மூடிய அறையில் உள்ள தொட்டி எளிதாக 32 டிகிரியை எட்டுகிறது. நீர் சூடாகும்போது இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது, நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் அதிக அளவாக 8 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது 7.3 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். எண்ணளவில் இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் வாய் நிறைய முட்டைகளை வைத்துக்கொண்டு, அவற்றின் இடுக்குகள் வழியாகவே தன் மூச்சுக்கான நீரையும் செலுத்த வேண்டிய தந்தை மீனுக்கு அந்த வேறுபாடு பெரியது. அந்த முட்டைகளும் அதே நீரிலிருந்துதான் மூச்செடுக்கின்றன. ஆகவே கோடையில் நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியைச் சாய்த்து வைக்கிறேன். நீர் ஆவியாவதாலேயே இரண்டு, மூன்று டிகிரி குறைகிறது. மூடியை அகற்றிவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாதபடி வலை போடுகிறேன். மின்தடைக்கு முன்னேற்பாடாக மின்கலத்தில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் அருகிலேயே இருக்கும். உச்சக் கோடையில் இணையை முட்டையிடத் தூண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இரண்டு மாதங்கள் அவை உண்டு இளைப்பாறட்டும்.

உணவில் சிரமம் இல்லை. மூழ்கும் குருணை உணவு, உறையவைத்த இரத்தப்புழு, ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால், கொசுப்புழு, நறுக்கிய இறால் என எதையும் ஏற்கும். சாக்கடைகளிலிருந்து எடுத்துவரும் ட்யூபிஃபெக்ஸ் புழுக்களை நான் கொடுப்பதில்லை. மணலைச் சலித்து உண்ணும் மீனின் தொட்டியில் அவை மணலுக்குள் புகுந்து இறந்து நீரைக் கெடுக்கின்றன.

வளர்ந்த ஆண் ஒன்றையும் பெண் ஒன்றையும் தனித்தனியே வாங்கிவந்து ஒரே தொட்டியில் விட்டால் அவை இணையாகும் என்று எதிர்பார்க்க முடியாது. குந்தெரி தன் துணையைத் தானே தேர்ந்துகொள்கிறது. பிடிக்காத பெண்ணை ஆண் ஓட ஓட விரட்டும், சில வேளைகளில் கொன்றும்விடும். ஆறு முதல் எட்டுவரை குட்டிகளை ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே வளர்ப்பதுதான் நம்பகமான வழி. முதிர்ச்சி எட்டும்போது இரண்டு மீன்கள் மற்றவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுப் பாதித் தொட்டியைத் தம்வசமாக்கிக்கொள்ளும். அப்போது மற்றவற்றை அகற்றிவிட வேண்டும்.

இணை மட்டும் தனித்திருக்கும் தொட்டியில் வேறொரு சிக்கல் எழுகிறது. எல்லையைக் காக்கும் உணர்வு மேலோங்கிய நிலையில் விரட்டுவதற்கு எதிரியே இல்லாவிட்டால், அந்தச் சீற்றம் துணையின்மீதே திரும்பிவிடும். மேல்மட்டத்தில் நீந்தும் சுறுசுறுப்பான மீன்கள் சிலவற்றைச் சேர்ப்பது இதற்குத் தீர்வு. காங்கோ டெட்ரா ஆப்பிரிக்க மீனாகவும் போதிய அளவுடையதாகவும் இருப்பதால் பொருந்துகிறது; பெரிய வகை டேனியோக்களும் போதும். அவை அச்சமின்றி உலாவுவதைக் கண்டு குந்தெரியின் கூச்சமும் குறைகிறது. தரையில் வாழும் கெளுத்தி வகைகளை மட்டும் சேர்க்கக்கூடாது. பகலில் ஒளிந்திருக்கும் சினோடோன்டிஸ் இரவில் குஞ்சுகளைத் தேடி உண்டுவிடும்.

முட்டையிடும் காலம் நெருங்கும்போது பெண்ணின் நடத்தையே முதலில் மாறுகிறது. ஆணின் முன்னால் பக்கவாட்டில் வந்து நின்று, உடலை வில்லாக வளைத்துச் சிவந்த வயிற்றைக் காட்டி, முதுகுத் துடுப்பை விறைப்பாக உயர்த்தி நடுங்கும். வெள்ளிப் பட்டை அப்போது தொட்டியின் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஆண் இசைந்த பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு கல்லைத் தேர்ந்து, உதடுகளால் கொறித்துக் கொறித்துப் பாசியும் அழுக்கும் இல்லாமல் துலக்குகின்றன. பெண்ணின் முட்டையிடும் குழல் தடித்தும் மழுங்கியும் வெளித்தெரியும், ஆணின் குழல் மெல்லியதாகவும் கூராகவும் இருக்கும். அவ்வளவும் தெரிந்துவிட்டால் ஓரிரு நாட்களுக்குள் முட்டைகள் வந்துவிடும்.

பெண் கல்லை ஒட்டி வயிற்றைத் தாழ்த்தி மெல்ல நகர்ந்து சில முட்டைகளை இடும். அது விலகியதும் ஆண் அதே பாதையில் நகர்ந்து கருவூட்டும். இப்படி மாறி மாறி நெடுநேரம் நடக்கிறது. மலாவி மீன்களில் இட்ட நொடியிலேயே தாய் திரும்பி முட்டையை வாய்க்குள் எடுத்துவிடும். இங்கே முட்டைகள் கல்லின்மேல் கிடக்கின்றன, இரண்டு பெற்றோரும் அவற்றின் அருகில் நிற்கின்றன. முட்டையிடல் முடிந்த பிறகு ஆண் கல்லின்மேல் தலையைத் தாழ்த்தி, ஒன்றிரண்டாக முட்டைகளை உதடுகளால் பற்றி உள்ளிழுக்கிறது. சிறிது எடுத்ததும் நிறுத்தி, வாயை மூடி, உள்ளே அவற்றைச் சரிப்படுத்துவதுபோல மெல்லும் அசைவைச் செய்கிறது. மீண்டும் குனிகிறது. கடைசி முட்டையும் ஏறிய பின்னர்க் கல் முழுவதையும் உதடுகளால் தடவிப் பார்த்துவிட்டே விலகும். ஒருமுறை கல்லின் விளிம்பிலிருந்து வழுக்கி மணலில் விழுந்துகிடந்த ஒரே ஒரு முட்டையைப் பெண் முகவாயால் சுட்டுவதுபோல அதன்மேல் அசையாமல் நிற்க, ஆண் சுற்றிவந்து அதை எடுத்துக்கொண்டதைக் கண்டேன். பெண் வேண்டுமென்றே காட்டியதா என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் அது அந்த முட்டையை உண்ணவும் இல்லை, அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

அன்று தொடங்கி ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு நாட்கள், நீரின் வெப்பத்துக்கேற்பச் சற்றுக் கூடியோ குறைந்தோ, ஆணின் தாடை கனத்துத் தொங்கியபடி இருக்கும். கீழ்த்தாடையின் தோல் மெல்லியதாக நீண்டு, விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது உள்ளே முட்டைகள் உருளுவது மங்கலாகத் தெரியும். சில நொடிகளுக்கு ஒருமுறை அது வாயை அசைத்து அவற்றைப் புரட்டுகிறது. புரட்டப்படாத முட்டைகளில் பூஞ்சை பிடிக்கும், அடியில் கிடப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டாது. ஆகவே இந்த அசைவு இரவிலும் நிற்பதில்லை. மணலைச் சலிக்கும் வேலையை ஆண் அடியோடு நிறுத்திவிடும், ஏறக்குறைய உண்பதே இல்லை. கட்டையின் நிழலில், நீரோட்டம் மெதுவாக வந்து சேரும் இடமாகப் பார்த்து நின்றுகொள்ளும்.

இந்த நாட்களில் பெண் செய்வதைக் கவனிக்காதவர்கள்தான் அதைத் தேவையற்றதென்று எண்ணி அகற்றிவிடுகிறார்கள். அது உண்கிறது, தொட்டியைச் சுற்றிவருகிறது, பார்ப்பதற்கு ஓய்வாக இருப்பதுபோலவே தோன்றுகிறது. ஆனால் ஒரு டெட்ரா ஆணின் நிழலிடத்துக்குள் நுழைந்ததும் அதை எதிர்ப்பது பெண்தான். வாய் நிறைந்த ஆணால் கடிக்க முடியாது, வாயைத் திறந்து அச்சுறுத்தவும் இயலாது. தாக்கும் திறனை முழுவதும் துறந்துவிட்ட ஒரு மீன் தன் எல்லையில் நிலைத்திருக்க முடிவது அதன் துணையால்தான். பெண்ணை எடுத்துவிட்டால் ஆண் மூலைக்கு மூலை ஒதுங்கத் தொடங்கும். அந்தப் பதற்றத்தில் முட்டைகளை விழுங்கியோ உமிழ்ந்தோ விடுவது வழக்கம். அவ்வாறு பிரித்த பெண்ணைப் பிறகு திருப்பி விடும்போது, பழைய துணையாகவே ஆண் அதை ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை. பல நாட்களாகக் கட்டியெழுப்பிய இணைப்பு ஒரு வலையின் வீச்சில் அறுந்துபோகிறது.

முட்டைகளை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைப்பதைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். "அண்ணா, மலாவிக்குச் செய்வதுபோல வாயைத் திறந்து முட்டையை எடுத்துக் குழாயில் போட்டுச் சுழற்றிப் பொரிக்க வைத்தால் குஞ்சுகள் கூடுதலாகத் தேறுமே?" என்று கேட்ட இளைஞர் ஒருவருக்கு நான் கூறிய விடையையே இங்கும் எழுதுகிறேன். எண்ணிக்கை கூடலாம். நூறையொட்டி இடும் முட்டைகளில் ஒரு பகுதி எப்படியும் வழியில் குறையும் என்பதும் உண்மை. ஆனால் குந்தெரியை வளர்ப்பதன் பயனே குஞ்சுகள் வெளிவந்த பிறகு தொடங்கும் சில வாரங்களில்தான் இருக்கிறது; முட்டைகளை எடுத்துவிட்டவருக்கு அந்த வாரங்கள் கிடைப்பதில்லை. இளம் ஆண்கள் முதல் ஓரிரு முறை முட்டைகளை விழுங்கிவிடுவது சிக்லிட்டுகளில் பரவலாகக் காணப்படுவது, அதற்காகத் தலையிட வேண்டியதில்லை. விளக்கை மங்கலாக்கி, தொட்டியருகே நடமாட்டத்தைக் குறைத்து, பெண்ணுக்கு மட்டும் சிறு சிறு அளவில் உணவிட்டு, நீர் மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் போதும். அடுத்தடுத்த முறைகளில் அவை தாமே தேறிவிடும்.

குஞ்சுகள் வெளிவரும் வேளை பெரும்பாலும் விளக்கு எரியத் தொடங்கிச் சிறிது நேரத்துக்குப் பின்னர் அமைகிறது. ஆண் மணலை நெருங்கித் தலையைத் தாழ்த்தி வாயை மெல்லத் திறக்க, நெல்மணி அளவுகூட இல்லாத குஞ்சுகள் ஒரு கொத்தாகச் சிந்தி மணலின்மேல் பரவும். அவை அப்போதே நீந்தவும் உண்ணவும் வல்லவை. பெண் உடனே வந்து சேர்ந்துகொள்ளும். அன்றுவரை காவலாக மட்டும் இருந்த அது, குஞ்சுகளைத் தன் வாயிலும் எடுத்துக்கொள்ளத் தொடங்குவது அன்றிலிருந்துதான். தொட்டியின் முன்னால் யாரேனும் விரைந்து நடந்தால், பெற்றோர் உடலை ஒரு நொடி வெட்டி அசைத்து முன்னோக்கி நின்று வாயைத் திறக்கின்றன. குஞ்சுகள் அருகிலிருக்கும் வாயை நோக்கி விரைகின்றன. தாயிடம் பாதியும் தந்தையிடம் பாதியுமாகப் போய்ச் சேர்வதும், வாயின் விளிம்பில் இடம் கிடைக்காத கடைசிக் குஞ்சு உதட்டை முட்டி முட்டி உள்ளே புகுவதும் பார்க்கப் பார்க்க அலுக்காதவை. மாலையிலும் இதுவே நடக்கிறது. ஆகவே விளக்கைத் திடீரென அணைக்கக்கூடாது. அறையில் மங்கிய வெளிச்சம் ஒன்றை விட்டுவைத்தால், எல்லாக் குஞ்சுகளையும் திரட்டிக்கொள்ளப் பெற்றோருக்கு அவகாசம் கிடைக்கும்.

முதல் உணவாகப் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா மிகச் சிறந்தது. உப்புநீரில் காற்றோட்டத்துடன் வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் ஒரே நாளில் பொரித்துவிடும். பொரித்த சில மணி நேரத்துக்குள், அதன் ஊட்டம் குறையுமுன், ஒரு மெல்லிய குழாயால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே விட வேண்டும். மெல்லிய துணியில் வடித்த சிறிய மாய்னா நீர்த்தெள்ளும் ஏற்றது. பெற்றோர் மணலைச் சலிக்கும்போது எழும் துகள் மேகத்துக்குள்ளும் குஞ்சுகள் புகுந்து மேய்கின்றன, தரையை மென்மணலாக வைத்ததன் பயன் இங்கே இரட்டிப்பாகிறது. வடிகட்டியாக ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் இருந்தால் குஞ்சுகள் உறிஞ்சப்பட மாட்டா. நெடுநாள் பட்டினி கிடந்த ஆணுக்கு முதல் நாளிலேயே வயிறு நிறைய உணவிடாமல், பல வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

வாயில் அடைகாக்கும் வழக்கம் தோன்றிய பாதையை எண்ணிப்பார்க்கும்போது குந்தெரியின் இடம் எனக்கு இன்னும் தெளிவாகிறது. பழவேற்காட்டு ஏரியிலும் கேரளக் காயல்களிலும் வாழும் கரிமீன் ஒரு சிக்லிட். நீரில் மூழ்கிய கட்டைகளின்மேல் முட்டையிட்டு, தாயும் தந்தையும் சேர்ந்து காக்கிறது. அதில் இணை உண்டு, வாய் அடைகாப்பு இல்லை. 1952-இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் ஏரி குளமெங்கும் பரவிவிட்ட ஜிலேபி கெண்டையில் தாய் தன் வாயில் முட்டைகளைக் காக்கிறது. ஆண் குழி பறித்துப் பல பெண்களோடு கூடுகிறது. அதில் வாய் அடைகாப்பு உண்டு, இணை இல்லை. குந்தெரியில் இரண்டும் ஒருங்கே இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்க நீர்நிலைகளில் இன்னும் வேறு ஏற்பாடுகளும் உண்டு. கடலோரக் காயல்களில் வாழும் சரோத்தெரோடான் மெலனோத்தெரான் இனத்தில் தந்தை மட்டும் சுமக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நைல் ஆறு வழியாகக் கலிலேயக் கடல்வரை பரவியுள்ள கலிலேயஸ் இனத்தில் சில இணைகளில் இருவரும், சிலவற்றில் தாய் மட்டும், சிலவற்றில் தந்தை மட்டும் சுமக்கின்றன. முட்டையை வாயில் எடுத்துக்கொண்ட பெற்றோருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடிகிறது. கல்லோடும் குகையோடும் கட்டுண்டு கிடக்க வேண்டிய தேவை நீங்குகிறது. அத்தேவை நீங்கியதும் ஒருவர் விலகிச் செல்ல வழி பிறக்கிறது. அவ்வழி திறந்திருந்தும் குந்தெரியின் தாய் விலகாமல் நிற்பதே இம்மீனை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம்.

மெலனோத்தெரானைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உவர்நீரையும் நன்னீரையும் ஒருங்கே தாங்கும் அந்த மீன் தாய்லாந்தின் இறால் பண்ணைகளிலும் கால்வாய்களிலும் பெருகி, 2024-இல் அந்நாட்டு அரசே கிலோவுக்கு 15 பாட் விலை கொடுத்துப் பிடித்தழிக்கச் செய்யும் நிலை வந்தது. வாயில் காக்கப்படும் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைத்துவிடுவதே அத்தகைய பெருக்கத்தின் அடிப்படை. குந்தெரியின் குஞ்சுகள் எவ்வளவு மிஞ்சினாலும் அவற்றை ஏரியிலோ கால்வாயிலோ கோயில் குளத்திலோ விடக்கூடாது. வளர்ப்பவர்கள் கிடைக்கும்வரை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், இணைக்கு அடுத்த முறை முட்டையிடும் வாய்ப்பையே தள்ளிப்போடலாம்; நீர் மாற்றத்தையும் உயிருணவையும் குறைத்தாலே அவை தாமதிக்கும்.

மூன்று, நான்கு வாரங்களில் குஞ்சுகள் வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடும். பெற்றோர் வாயைத் திறப்பது குறையும், பெண்ணின் வயிற்றில் சிவப்பு மீண்டும் ஏறும், கல்லைத் துலக்கும் ஓசை மெல்லக் கேட்கத் தொடங்கும். குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டிய நேரம் அது; அதற்குமேல் விட்டுவைத்தால் பெற்றோரே அவற்றை விரட்டத் தொடங்கும். மாற்றிய தொட்டியிலும் மென்மணல் இருக்கட்டும், வாரந்தோறும் கால்பங்கு நீரையாவது மாற்றுங்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இரண்டு மீன்களாகக் கொடுப்பதில்லை. ஆறு, ஏழு குட்டிகளாகவே கொடுக்கிறேன், எதனோடு எது சேர வேண்டும் என்பதை அவையே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதற்காக.